ஓட்டம் பழக்கிய ஆள்

ரீச்சர் விசில் ஊதிவிட்டார். மூன்று பிள்ளைகள் முயல் பாய்ச்சல் பாய்ந்து போய்க்கொண்டிருக்க, நாலாவது பிள்ளை மட்டும் பாதி வழியில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தது. அது வல்லிபுரத்தின் மகள்வழிப் பேத்தி லக்சிகா.

"பின்னாலை பாக்காதை, பிள்ளை! முன்னுக்குப் பார்!" என்று தொடக்கக் கோட்டருகே நின்று கத்தினார் வல்லிபுரம்.

லக்சிகா சிரித்துக்கொண்டு அவருக்குக் கையாட்டினாள். அதற்குள் போட்டி முடிந்துவிட்டது.

விளையாட்டுப் போட்டி நடந்த அந்தப் புங்குடுதீவு முன்பள்ளிக்கு ஒரு சங்கடம் உண்டு. ஊரில் பாதிச் சனம் சுவிசிலும் பிரான்சிலும் இருப்பதால், லக்சிகாவின் வயதில் ஓடுவதற்கு மொத்தமே நாலு பிள்ளைகள்தான். பரிசு மேடையிலோ மூன்று படி. பெரிய பள்ளிக்கூடத்தில் தோற்றால் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்து போகலாம். இங்கே தோற்கிற பிள்ளை தனியாக நின்று ஊருக்கே தெரியும்.

வல்லிபுரமோ பேத்திதான் முதலாவது என்று தீவு முழுவதும் சொல்லி வைத்திருந்தார். பஸ்ஸில் சொன்னார், சங்கக் கடையில் சொன்னார், கோயில் வீதியில் சொன்னார். இளையதம்பியிடம் வீடு தேடிப் போய்ச் சொன்னார். இளையதம்பியின் பேரன் ஆரூரனும் அந்த நாலு பேரில் ஒருவன்.

சும்மா சொல்லவில்லை, காரணம் இருந்தது. போன மாதம் ஒரு நாள், மகளோடும் பேத்தியோடும் போய் நீரிழிவுக்கு டொக்டரிடம் காட்டிவிட்டு வந்து, சாய்மனைக் கதிரையில் கண்ணயரப் போனவரின் கையைப் பிடித்து இழுத்து, "அம்மப்பா, எழும்புங்கோ, ஓடப் போவம்" என்றாள் லக்சிகா. நாலு வயதில் இப்படியொரு ஆர்வமா! பிள்ளைக்குள் ஓர் ஓட்டக்காரி ஒளிந்திருப்பதை வல்லிபுரம் அந்தக் கணமே கண்டுபிடித்துவிட்டார். அன்றே பயிற்சி தொடங்கியது. விடியற்காலையில் இருவரும் ஒழுங்கையில் ஓடுவார்கள். அவர் மூச்சு வாங்கி மதகில் இருந்தாலும் அவள் விடமாட்டாள். "இருக்கக்கூடாது, அம்மப்பா! இன்னும் கொஞ்சம்!" என்பாள். என்ன பிடிவாதம், என்ன வெறி! பெருமையில் வல்லிபுரத்தின் சட்டைத் தெறி கழன்றுவிடும் போலிருக்கும்.

"என்ன காணும், உம்மட ஓட்டக்காரி நடுவிலை நிண்டு விடுப்புப் பாக்கிறாள்?" என்றார் இளையதம்பி. கதிரையில் சாய்ந்து, விருந்தினருக்கு வைத்திருந்த றோல்ஸைத் தின்றுகொண்டிருந்தார்.

"பிள்ளையிலை பிழையில்லை. நான் பின்னாலை நிண்டபடியால் திரும்பிப் பாத்தவள். இப்ப பாரும்!"

அடுத்தது தேசிக்காய் ஓட்டம். வல்லிபுரம் பாதித் தூரத்தில், கயிற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். லக்சிகா கரண்டியைக் கவ்விக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்தாள். வல்லிபுரம் துள்ளினார். அவருக்கு நேரே வந்ததும் அவள் நின்றாள். கரண்டியை வாயிலிருந்து எடுத்தாள். தேசிக்காய் உருண்டு போயிற்று.

"ஏன் அம்மப்பா நிக்கிறியள்? வாங்கோ!"

ஆரூரன் அவளைத் தாண்டிப் போய் வென்றான்.

"நடுவிலை நிண்டதும் பிழையோ?" என்றார் இளையதம்பி.

கண்ணில் படாமல் இருந்தால் ஓடுவாள் என்று நினைத்து, வல்லிபுரம் அடுத்த போட்டிக்கு, விளையாட்டு இல்லங்களின் அலங்காரத்துக்குக் கட்டியிருந்த ஓலைக் கப்பலுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். அது நூலில் தொங்குகிற பணிஸை எட்டிக் கடிக்கிற போட்டி. விசில் ஊதியதும் லக்சிகா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அம்மப்பாவைக் காணேல்லை!" என்று வீரிட்டுக்கொண்டு கயிற்றைக் குனிந்து கடந்து ஓடினாள். இது இன்னும் நல்ல விளையாட்டு என்று கண்ட மற்ற மூன்று பிள்ளைகளும் பின்னால் ஓடின. நாலும் சேர்ந்து அம்மப்பாவைக் கண்டுபிடித்தபோது கப்பல் அவர் தலையில் கவிழ்ந்தது.

ஒலிபெருக்கியில் பவதாரணி ரீச்சரின் குரல் கேட்டது. "பிள்ளைகளின் உறவினர்கள் தயவுசெய்து ஒளித்திருக்க வேண்டாம்."

பிறகு நேரிலேயே வந்தார். "ஐயா, உங்களைக் கண்டாலும் நிக்கிறாள், காணாட்டிலும் நிக்கிறாள். இனிக் கடைசி ஓட்டம்தான் இருக்கு. நான் என்ன செய்யிறது?"

வல்லிபுரம் தலைமுடியிலிருந்து ஓலைத் துண்டை எடுத்தார். இளையதம்பியைப் பார்த்தார். "நான் கயித்துக்கு வெளியாலை அவளோடை கூட ஓடுறன், ரீச்சர்."

பிள்ளைகளுக்குக் குளிர்பானம் ஊற்றிக்கொண்டிருந்த மகள் கோசலா திரும்பினாள். "அப்பா, உண்மையா ஓடப் போறியளே?"

மறிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தார். அவளோ முகம் மலர்ந்து, "ஓடுங்கோ அப்பா, ஓடுங்கோ!" என்றாள். குடும்ப மானம் மகளுக்கும் விளங்கியிருக்கிறது என்று அவருக்குப் பெரும் ஆறுதல்.

விசில் ஊதியது. வல்லிபுரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கயிற்றுக்கு உள்ளே லக்சிகா அவர் முகத்தைப் பார்த்தபடி, அவருடைய வேகத்துக்கே ஓடினாள். ஆரூரன் கோட்டைத் தாண்டி, தண்ணீரும் குடித்துவிட்டான். மற்ற இருவரும் தாண்டிவிட்டார்கள். இவர்கள் இன்னும் பாதித் தூரத்தில்.

வல்லிபுரத்துக்குக் கண் இருட்டியது. "ஏலாது, பிள்ளை... நீ ஓடு..."

"இருக்கக்கூடாது, அம்மப்பா! இன்னும் கொஞ்சம்!"

சனம் எழுந்து நின்று கை தட்டியது. "விடாதையும், வல்லிபுரம்!" என்று கத்தியது இளையதம்பியேதான். கோட்டுக்கு ஓரடி முன்னால் லக்சிகா இருந்த இடத்திலேயே ஓடியபடி, அவர் தாண்டும் வரை காத்திருந்து, பிறகு தானும் ஒரு துள்ளலில் தாண்டினாள். நாலு பேரில் நாலாவது.

வல்லிபுரம் புல்லில் விழுந்து கிடந்தார். வெட்கம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. இத்தனை சனம் பார்த்திருக்க, பிள்ளை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியிருக்கிறாள். நெஞ்சு நிறைந்து கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"பாத்தீரே இளையதம்பி," என்றார் மூச்சு வாங்கியபடி. "எங்கையும் நிக்கேல்லை. ஒரு மாசம் நான் பழக்கின பிள்ளை!"

அந்த நேரம் லக்சிகா அவரையும் தாண்டி ஓடிப் போய்த் தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, இனி அம்மப்பாக்கு ஊசி வேண்டாமெண்டு டொக்டர் மாமாட்டைச் சொல்லுங்கோ. நான் அவரை ஓடப் பழக்கிப்போட்டன்!"