பதினாறு வாழைப்பழமும் ரோமாபுரிப் படையும்

தனக்கு வராத ஒன்றை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. எதிர்த்துப் பேசாத ஒரு தம்பி இருந்தால் போதும். எனக்கு இருந்தான்.

நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவள் அல்ல. (போனால் போகட்டும், அடுத்தது வராமலா போகும்?) அப்பேர்ப்பட்ட நான், எண்பதுகளின் கடைசியில், மூன்று மாதம் பட்டாளத்துக்கு ஆள் தயார் செய்தேன். அந்த ஆள் என் தம்பி சேகர். வயது பதினெட்டு.

அப்பாவுக்கு ஆவடியில் ஃபேக்டரி வேலை, நாங்கள் இருந்தது குவார்ட்டர்ஸில். வாசலில் பட்டாள லாரி போனால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து ஓடிப்போய்ப் பார்ப்பான் சேகர். அந்த வருஷம் ஆவடியிலேயே ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். “ஒரே ஒரு தடவதான். ஆகலைன்னா அம்பத்தூர்ல லேத்துப் பட்டறையில சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கெழம காலையில டிபன் பாக்ஸோட கெளம்பிடணும்.”

சேகருக்கு லேத்து என்றாலே முகம் சுருங்கும். இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன். அப்போதுதான் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, வீட்டில் எல்லோருக்கும் புத்தி சொல்லிக்கொண்டு சும்மா இருந்தேன். கிளை நூலகத்தில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அந்தக் காலத்திலிருந்து சிப்பாய்களுக்கு எப்படியெல்லாம் உடற்பயிற்சி கொடுத்தார்கள் என்கிற வரலாறு அது. இரண்டே நாளில் படித்து முடித்தேன். மூன்றாம் நாள் நான் கோச்.

எதிர் பிளாக்கில், பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த சுபேதார் ஒருவர் குடியிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் பட்டம் என்ன ஆவது?

ரோமாபுரிப் படைவீரன் முதுகில் மூட்டையோடு மைல் கணக்காக நடந்தான் என்று புத்தகம் சொன்னது. ஆகவே சேகர் பத்து கிலோ ரேஷன் அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஆவடியிலிருந்து திருநின்றவூருக்கு நடந்தான். நான் கூடவே போனேன். ரயிலில். ஸ்டேஷன் வாசலில் சொம்போடு காத்திருப்பேன். ரோமாபுரிக்காரன் வினிகர் கலந்த தண்ணீர் குடித்தானாம், அதனால் சொம்பில் அதுதான் இருக்கும்.

“யக்கா, இன்னாக்கா இது, வாய் கூசுது.”

“ஒலகத்த ஜெயிச்சவன் குடிச்சதுடா. குடி.”

ஒருநாள் மூட்டையில் ஓட்டை. பட்டாபிராமிலிருந்து அரிசி சிந்திக்கொண்டே வந்திருக்கிறது. அன்று என் வீரன் நாலு கோழியும் ஓர் ஆடும் பின்தொடர திருநின்றவூருக்குள் நுழைந்தான். மீதி அரிசியைத்தான் அம்மா அன்று மத்தியானம் வடித்தாள். வியர்வை வாசம் வருகிறது என்று அப்பா பாதியில் எழுந்துவிட்டார்.

நம் ஊர் கர்லாக்கட்டையைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்களே சுற்றக் கற்றுக்கொண்டார்கள் என்று படித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. கர்லாக்கட்டைக்கு எங்கே போவது? அம்மாவின் உலக்கையைக் கொடுத்துச் சுற்றச் சொன்னேன். இரண்டாவது சுற்றில் கொடிக்கயிறு அறுந்து, பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டிகள் மொத்தமும் சேற்றில் விழுந்தன.

“இது எந்தப் படிப்புடி?” என்றாள் அம்மா. “ஊறுகாய்க்கு ஊத்துறத புள்ளைக்கு ஊத்துற. நெல்லு குத்துறத அவன் கையில குடுக்குற. அவன் எளைச்சுப் போயிட்டான், கண்ணு தெரியலயா?”

உண்மையிலேயே தெரியவில்லை. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்டேஷன் எடை மிஷினில் ஏற்றினேன். ஐம்பத்திரண்டு கிலோவில் ஆரம்பித்தவன் நாற்பத்தெட்டரையில் நின்றான். குறைந்தபட்சம் ஐம்பது வேண்டும். மிஷின் தள்ளிய அட்டையின் பின்புறம், ‘மூத்தோர் சொல் கேட்டால் முன்னேற்றம் உண்டு’ என்றிருந்தது. இந்த வீட்டில் அவனுக்கு மூத்தவள் நான்தானே என்று தைரியம் வந்துவிட்டது.

எடை குறைந்தவர்கள் அன்று காலையில் வாழைப்பழம் தின்று தண்ணீர் குடித்துச் சமாளிப்பது ஊருக்கே தெரிந்த வைத்தியம். அதில் தப்பில்லை. எப்போது தின்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரோமாபுரியில் ஆள் எடுக்கும்போது முதலில் உயரமும் உடம்பும் பார்த்துவிட்டு, பிறகுதான் பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஆகவே ஆவடியிலும் எடை முதலில், ஓட்டம் பிறகு என்று நானே முடிவு செய்தேன்.

தேர்வன்று காலை மைதானத்துக்கு வெளியே பழ வண்டிக்கார அம்மாவிடம் பதினாறு பழம் வாங்கினேன். (பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டும் என்று ஒரு நல்லெண்ணம்.) அங்கேயே ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்தேன். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னாம்மா, புள்ளய ஓட இட்டாந்தியா, உருள இட்டாந்தியா?”

“நீங்க சும்மா இருங்கம்மா, எல்லாம் கணக்கு இருக்கு” என்றேன். பதினாறாவது பழத்தின்போது சேகருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதன்மேல் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரையும் குடிக்க வைத்து உள்ளே அனுப்பினேன்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். உள்ளே விசில் சத்தம். கம்பி வேலி வழியாக எட்டிப் பார்க்கிறேன், நூறு பையன்கள் கோட்டில் நிற்கிறார்கள். நடுவில் வயிற்றைப் பிடித்தபடி என் தம்பி. முதலில் ஓட்டமாம். ஒரு மைல். எடையெல்லாம் ஓடி முடித்தவர்களுக்குத்தானாம்.

கத்தி நிறுத்தலாமா என்று நினைப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் சுற்றில், அவன் பாவம், முன்வரிசையில் இருந்தான். இரண்டாவது சுற்றில் என் பக்கம் வந்தபோது ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. மூன்றாவது சுற்றில் பாதையை விட்டு விலகி, கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்த ஹவில்தாரை நோக்கிப் போனான். அவருடைய பளபளக்கும் பூட்ஸ் மேல் பதினாறு பழத்தையும் திருப்பிக் கொடுத்தான்.

ஹவில்தார் திட்டவில்லை. பூட்ஸைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “எத்தன பழம்?”

“பதினாறு சார்.”

“யார் சொல்லிக் கொடுத்தது?”

சேகர் வேலிப் பக்கம் கை காட்டினான். “எங்க கோச்சு சார்.”

மைதானமே திரும்பி என்னைப் பார்த்தது. ஹவில்தார் மெதுவாக நடந்து வேலிக்கு வந்தார். என் கையில் பதினாறு தோல். மறைக்க இடமில்லை.

“மேடம்,” என்றார் மிகவும் மரியாதையாக, “நீங்க எந்த ரெஜிமெண்ட்?”

வீட்டுக்கு நடந்து வரும்போது சேகர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பழம் நல்லாத்தான்கா இருந்துச்சு” என்றான். எனக்குத் தெருவிலேயே அழுகை வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை டிபன் பாக்ஸோடு அம்பத்தூருக்குக் கிளம்பினான். ஒரு வருஷம், தினமும் சாயங்காலம் எண்ணெய்க் கறையோடு அவன் வரும்போது நான் சமையலறைக்குள் போய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பேன்.

அடுத்த வருஷம் ஒருநாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு காகிதம். மறுபடி ஆள் எடுத்திருக்கிறார்கள், போயிருக்கிறான், தேறிவிட்டான். அம்மாவுக்குத் தெரியும், ‘ஒரே ஒரு தடவதான்’ என்ற அப்பாவுக்கே தெரியும், எதிர் பிளாக் சுபேதாருக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்து, நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. (என்னிடம் சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.)

பயிற்சிக்குப் போன இடத்திலிருந்து முதல் கடிதம் வந்தது. அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். ‘அக்காவிடம் சொல்லவும். நேற்று முதுகில் மூட்டை கட்டி ரொம்ப தூரம் நடக்க விட்டார்கள். பாதிப் பேர் வழியில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கே பழகினாய் என்று பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் கேட்டார். அக்கா பழக்கினார் என்றேன். அவர் எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன், அதற்கு ஐந்து ரவுண்டு ஓட விட்டார்கள். இங்கே வாழைப்பழம் ஓடி முடித்த பிறகுதான் தருகிறார்கள்.’

அப்பா கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பெயர் ரெஜிமெண்ட். சேகர் ரிட்டயர்டாகி வந்து தொப்பையும் போட்டுவிட்டான். இப்போதும் விசேஷங்களில் வாழைப்பழத்தைக் கையில் எடுத்தால், உரிப்பதற்கு முன் என் பக்கம் திரும்பி விறைப்பாக நின்று கேட்பான்:

“ரெஜிமெண்ட், இப்ப துன்னலாமா?”

“ஓடி முடிச்சிட்டியாடா?” என்பேன் நான்.