டிராக்டர் வைத்தியமும் படகு மோட்டாரும்

ஒரு தொழிலில் கொஞ்சம் நல்ல பேர் வாங்கிவிட்டால் போதும், உலகத்தில் உள்ள எந்த இயந்திரமும் நமக்கு அடங்கும் என்று தோன்றிவிடும். செஞ்சியில் டிராக்டர்களுக்கு பேட்டரி பார்க்கும் கடை வைத்திருந்த எனக்கும் தோன்றியது.

நண்பன் ஏழுமலை பழைய படகு ஒன்றை மோட்டாரோடு வாங்கி ஏரியில் விட்டிருந்தான். பின்னால் கோட்டை மலை தெரிய, கல்யாண ஜோடிகளை உட்கார வைத்துப் போட்டோ எடுக்கும் வியாபாரம். எனக்குப் பெண் நிச்சயமானதும் வந்து நின்றான்.

"உனக்கு ஓசிதான் மச்சான். ஆனா மோட்டார் எவ்ளோ ஓடுனாலும் பேட்டரி சார்ஜ் ஏற மாட்டேங்குது. இன்னான்னு பாரு."

போட்டோ எடுக்கும் அன்றே பார்த்துக்கொள்ளலாம் என்றேன். (வருங்கால மாமியார் முன்னால் வித்தை காட்டும் வாய்ப்பை யார் விடுவார்?)

மேல்மலையனூரிலிருந்து எனக்கு நிச்சயமான தமிழ்ச்செல்வி பட்டுச்சேலையில் அம்மாவோடு வந்து இறங்கினாள். நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினேன். டிராக்டரில் எங்களுக்கு ஒரு வைத்தியம் உண்டு. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைப் பிடுங்குவோம். அப்போதும் விளக்கு எரிந்தால் சார்ஜ் வருகிறது என்று அர்த்தம். அதையே செய்தேன். படகின் விளக்கு பளீரென்று எரிந்தது.

"பாத்தீங்களா அத்தே, கரண்ட் கொட்டுது!"

அடுத்த நொடி விளக்கு அணைந்தது.

"பல்பு பழசு" என்றேன்.

(வயர் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்ததுதான் கோளாறு என்று பிறகு தெரிந்தது. துடைத்திருந்தால் போதும். நான் பிடுங்கியதில் சார்ஜ் ஏற்றும் பெட்டியே கருகிவிட்டது.)

வயரை மாட்டிவிட்டு, ஏழுமலையைக் கரையிலேயே நிற்கச் சொல்லி, தமிழ்ச்செல்வியோடு நானே ஓட்டிப் போனேன். நடு ஏரிக்கு வந்ததும் போட்டோக்காரர் கரையிலிருந்து கத்தினார். "மோட்டார நிறுத்துங்கண்ணே, படகு ஆடுது!"

நிறுத்தினேன். சிரித்தோம். படம் எடுத்தார். திரும்பச் சாவியைத் திருகினேன். 'டிக்' என்றது. இன்னொரு முறை. 'டிக்.' கையால் இழுத்துக் கிளப்ப ஒரு கயிறு இருந்தது. முழு வீரத்தோடு இழுத்தேன். கயிறு மட்டும் வந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. "யாராவது வாங்களேன்! ரெண்டு பேரும் முழுகிடுவோம்!" என்று அலறினேன். கரையில் மாமியார், "ஐயோ, எம்பொண்ணு!" என்று வாயிலடித்துக்கொண்டார்.

கொஞ்சம் தள்ளி ஓர் எருமை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நீந்தவில்லை, நின்றுகொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. தமிழ்ச்செல்வி கவனித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவுகூட இல்லை.

நானும் அவசரமாக எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க. வேட்டி நனைஞ்சிடப் போவுது" என்றாள். வாழ்க்கையில் நான் கேட்ட மிக மரியாதையான அவமானம் அதுதான்.

உட்கார்ந்தேன். (அதுதான் பெரிய தப்பு.) அவள் படகை இழுத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். போட்டோக்காரர் கடமை தவறாதவர். ஒவ்வொரு அடியையும் எடுத்தார்.

கல்யாணம் நடந்தது. மணமேடைப் படங்கள் எல்லாம் ஆல்பத்துக்குள் கிடக்கின்றன. மாமியார் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருப்பது, மகள் படகை இழுக்க, மாப்பிள்ளை கையில் அறுந்த கயிற்றோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும் படம்தான். வீட்டில் மிக்சி நின்று, நான் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டாலே என் மகள் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்:

"அம்மா, நைனா ரிப்பேர் பண்றாரு! சேலையத் தூக்கிச் செருவிக்க!"