பை அண்ணாச்சியும் அடுத்த வாரமும்

'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற வார்த்தையை அப்படியே நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பை அண்ணாச்சி. நிஜப் பெயர் என்னவென்று பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கத் தோன்றுவதற்குள் பையை எடுத்து விரித்துவிடுவார்.

அறுபதுகளில் நான் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அண்ணாச்சி தாராவியில் ஒரு தோல் பட்டறையில் தையல் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், தானே சொந்தமாகத் தைத்த தோல் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் மூன்று மாடியும் ஏறி வருவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புறப்பட்டபோது பெண்டாட்டியிடம், "சொந்தக் கடைன்னு போர்டு மாட்டிட்டுத்தான் ஒன்னைக் கூப்பிடுவேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவர். அது ஆயிற்று நாலு வருஷம்.

பாவம், வந்து மாட்டிய இடம் அப்படி. என் அம்மா, வாசலில் கிடக்கும் செருப்பு புடவையில் உரசினாலே குளிக்கிறவள். அவள் வாங்காத எதையும் கட்டடத்தின் மற்ற பதினோரு வீட்டு மாமிகளும் வாங்க மாட்டார்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதோ எங்கள் குடும்பத்தில் வழக்கமே இல்லை. ஆகவே அம்மா இரண்டு கஜம் தள்ளி நின்று, "அடுத்த வாரம் பார்க்கலாமே" என்றாள்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"அம்மா வரச் சொன்னாவல்லா!"

இப்படிப் பதினாறு ஞாயிறு. பதினாறாவது ஞாயிறு அடித்த மழையில் ரயில் நின்று, பஸ்ஸும் நின்று, காக்காய்கூட வெளியே வரவில்லை. அண்ணாச்சி மட்டும் தாராவியிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்துவிட்டார். எண்ணெய்த் துணிக்குள் பைகள் சொட்டு ஈரமில்லை. அவரைத்தான் பிழிந்து காயப்போட வேண்டியிருந்தது.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அண்ணாச்சி, அம்மா வாங்கவே மாட்டா. இன்னுமா புரியலை?"

"அம்மா ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னாவளா தம்பி? நீங்கதான் சொல்லுதீய. ஒங்ககிட்டயா விக்கேன்?"

அம்மாவுக்குத் தாங்கவில்லை. துண்டும் சூடாகக் காபியும் கொடுத்துவிட்டு, முதல் தடவையாக உண்மையைச் சொன்னாள். "தோல் ஆத்துக்குள்ள ஆகாது அண்ணாச்சி. அலம்பி வெச்சுக்கற மாதிரி இருந்தா வாங்கிக்க மாட்டேனா?"

"அட, இதை மொத வாரமே சொல்லப்பிடாதா!"

பதினேழாவது ஞாயிறு, கித்தான் என்கிற கெட்டித் துணியில் தைத்த பையோடு வந்தார். கைப்பிடிகூடக் கயிறு. மருந்துக்கும் தோல் கிடையாது. எங்கள் பக்கெட்டிலேயே முக்கி, உதறி, கொடியிலும் அவரே காயப்போட்டார். "இப்ப தொட்டுப் பாருங்கம்மா!" அம்மா தொட்டாள். வாங்கினாள். ஒரே மாதத்தில் பன்னிரண்டு வீட்டுக் கொடியிலும் பை தொங்கியது. அண்ணாச்சி பட்டறை வேலையை விட்டார், தாராவியில் கையகலக் கடை ஒன்று பிடித்தார், ஊருக்குக் கடிதமும் போட்டார்.

கடை திறக்க அம்மா வந்து விளக்கேற்ற வேண்டும் என்றார். அந்தத் தோல் சந்துக்கா? அம்மா பழக்கதோஷத்தில், "அடுத்த வாரம் பார்க்கலாமே" என்றாள்.

பத்து நாள் கழித்து நான் அந்தப் பக்கம் போனால், கடை பூட்டிக் கிடக்கிறது. மேலே புது போர்டு. கீழே ஊரிலிருந்து வந்த பெண்டாட்டி அவரை முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா வாரேன்னுருக்காவ தம்பி. அவிய வராம எப்படித் திறக்க?"

ஓடிவந்து சொன்னேன். "அட ராமா, ஒரு பேச்சுக்குன்னா சொன்னேன்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

சந்து முழுக்கத் தோல் துணுக்கு. எங்களைக் கண்டதும் அண்ணாச்சி பூட்டைத் திறந்து, கடைக்குள்ளிருந்து புதுக் கித்தான் சுருளைத் தூக்கி வந்து, அம்மா நடப்பதற்காக மடமடவென்று விரிக்க ஆரம்பித்தார்.

"சுருட்டுங்கோ அதை! விக்கற சரக்கை யாராவது மிதிப்பாளா?"

அதட்டிவிட்டு, அம்மா அந்தத் துணுக்குகள் மேலேயே நடந்து போய் விளக்கை ஏற்றினாள்.

கிளம்பும்போது வழக்கப்படி, "போயிட்டு வரேன்" என்றாள். அண்ணாச்சி விடுவாரா?

"எப்பம்மா வருவீய?"

"அடுத்த வாரம்."

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாள், அது வேறு விஷயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தூங்கி எழுந்து பார்க்கிறேன், கொடியில் பையைக் காணோம், வீட்டில் அம்மாவையும் காணோம். அந்த மனுஷரை ஏமாற்ற அவளுக்கும் மனசு வரவில்லை.