பதினாறு அங்குலப் பலகை

பலகை பதின்மூன்று அங்குலம்தான் இருந்தது.

மாப்பிள்ளை டேப்பை மறுபடி இழுத்து வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கமிருந்து அளந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இந்தப் பக்கமிருந்தும் அளந்தார். எப்படி அளந்தாலும் பதின்மூன்று. வேண்டியதோ பதினாறு.

"பதினாறுல வச்சுத்தானே திருகினேன்! என் கையாலதானே திருகினேன்!" என்று பின்வாசலில் நின்று பலகையிடம் நியாயம் கேட்டார்.

"என்னங்க, ஆச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஆகுது, ஆகுது."

என்ன ஆகிறது என்பது அவருக்கே தெரியவில்லை.

விஷயம் இதுதான். கண்ணில் ஆபரேஷன் முடிந்ததும் பத்து நாள் ஓய்வெடுக்கலாம் என்று மாமியார் மகள் வீட்டுக்கு வந்தார். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கண் இப்போது கழுகுக் கண். ஹாலின் நட்டநடுவில் அவருடைய கட்டில். கட்டிலுக்கு நேரே டிவி, பக்கவாட்டில் ஜன்னல், ஜன்னல் வழியே தெரு. ரிமோட் தலையணைக்கு அடியில். இந்த இரண்டு வருஷத்தில் மாப்பிள்ளை ஒரு மேட்சைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. எப்போது பார்த்தாலும் டிவியில் யாராவது ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஃபைனல். அதற்குள் ஹாலின் கோடியில், மாமியாரின் பழைய தையல் மெஷின் நிற்கிற மூலையில், ஒரு பலகைத் தடுப்பை எழுப்பிக் கட்டிலை அங்கே தள்ளிவிட வேண்டும். மாப்பிள்ளையின் திட்டம் அவ்வளவுதான். வெளியே அவர் சொல்லிக்கொண்டது வேறு.

"பாவம், அத்தைக்கு ஒரு தனிமை வேண்டாமா?"

"எனக்கெதுக்கு மாப்பிள்ளை தனி அறை? இங்க கெடந்தா போறவங்க வர்றவங்களைப் பாத்துக்கிட்டாவது கெடப்பேன்," என்று மாமியார் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன வாரம் தச்சரைக் கூப்பிட்டால் அடுத்த மாசம் வருகிறேன் என்றார். மாப்பிள்ளை அலுவலகத்தில் கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்குகிறவர். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சுவரில் ஓர் ஆணி அடித்த அனுபவம்கூடக் கிடையாது. ஆனாலும் ரோஷம் வந்து, ஞாயிற்றுக்கிழமை நானே கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். நேற்று தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போய், மூன்று பலகையும் வாடகைக்கு ஒரு மின்சாரக் கைரம்பமும் கேட்டார்.

கடைக்காரர் ரம்பத்தோடு ஒரு கம்பிச் சாதனத்தையும் எடுத்து வைத்தார்.

"இது கைடுங்க. ரம்பத்தோட பக்கத்துல மாட்டிட்டா, பலகை ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே நேரா போகும். எத்தனை அங்குலம் வேணுமோ அதுல நிறுத்தி, இந்தத் திருகைத் திருப்புங்க. ஸ்பானர் வேணாம், ஸ்க்ரூடிரைவர் வேணாம். சும்மா கையாலயே மாத்திக்கலாம்."

"வேற மாடல் இருக்கா?"

"இருக்கு. ஆனா நீங்க இதையே எடுத்துக்கங்க," என்று கடைக்காரர் வேறு எதையும் கண்ணில் காட்டாமல் கட்டிக் கொடுத்துவிட்டார்.

காலையிலேயே கடைப் பையன் வந்து மூலையில் சட்டங்களை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே பதினாறு அங்குலம். மூன்று இடைவெளி, மூன்று பலகை. கைடைப் பதினாறில் நிறுத்தித் திருகினார். ரம்பத்தைக் கையில் எடுக்கும்போது மாமியார் வந்து, "காப்பி ஆறுது மாப்பிள்ளை. சூடா குடிச்சுட்டு வேலையைப் பாருங்க," என்றார். மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே போனார். மாமியார் கொடியில் காயும் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். காப்பி குடித்துவிட்டு வந்து அறுத்ததில்தான் இந்தப் பதின்மூன்று.

"அதிர்வுல லூஸாகியிருக்கு," என்று மாப்பிள்ளை தீர்ப்புச் சொன்னார்.

மாமியார் வந்து பலகையைத் தடவிப் பார்த்தார்.

"அடடா, என்ன வழவழப்பு! இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க மாப்பிள்ளை. என் கட்டில் கால்மாட்டுல வச்சா, காலை நீட்டிக்கத் தோதா இருக்கும்."

மாட்டிப் பார்த்தார்கள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. போகட்டும், கட்டிலை நகர்த்தும்போது இதுவும் கூடவே போகும் என்று மாப்பிள்ளை மனத்தைத் தேற்றிக்கொண்டார். என்ன, அதற்கு இடம்விட அவருடைய நாற்காலியைத்தான் ஒரு முழம் தள்ளிப் போட வேண்டியிருந்தது. மூன்றாவது பலகைக்கு இனி வேறு வாங்கிக்கொள்ளலாம், முதலில் மீதி இரண்டையும் முடிப்போம் என்று பின்வாசலுக்குப் போனார்.

இந்தத் தடவை உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் திருகை முறுக்கினார். அதோடு விடவில்லை. கம்பியின் மேல் பென்சிலால் ஒரு கோடும் போட்டார்.

"இனிமே நகர்ந்தா தெரிஞ்சு போயிடும். யாருகிட்ட!"

"என்னங்க, உங்க போன் அடிச்சுதாம், அம்மா சொல்றாங்க," என்று மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்க ஆபீஸ் மேனேஜரா இருக்கும்னு சொல்றாங்க."

மாப்பிள்ளை பதறிப்போய் உள்ளே ஓடினார். போனைக் காணவில்லை. சோபாவைப் புரட்டினார், பீரோவுக்கு அடியில் குனிந்தார், குப்பைக்கூடையைக்கூட விடவில்லை. கால்மணி நேரம் கழித்து அது தையல் மெஷினின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. எடுத்துப் பார்த்தால் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"டிவியில அடிச்சிருக்கும் போல. கிழவி காதுதானே மாப்பிள்ளை," என்றார் பின்பக்கமிருந்து வந்த மாமியார். "வந்ததுதான் வந்தீங்க, இந்த மாத்திரை டப்பா மூடியைத் திறந்து குடுத்துட்டுப் போங்க. முப்பது வருஷம் கத்திரி பிடிச்ச கை. மணிக்கட்டுல சத்தே இல்லை."

மாப்பிள்ளை திறந்து கொடுத்தார். திரும்பி வந்து முதல் வேலையாகக் கோட்டைப் பார்த்தார். கைடு கோட்டின் மேல் அச்சாக நின்றது. கோடு மட்டும் லேசாக நீலம் பாரித்திருந்தது. வெயில் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு ஸ்விட்சை அழுத்தினார்.

பத்து அங்குலம்.

"ஐயோ!" என்று அவர் போட்ட கூச்சலில் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"நீதானே தொட்டே?"

"எதை?"

"இந்தத் திருகை! கோடு போட்டு வச்சிட்டுப் போறேன், கோட்டையும் சேர்த்து நகர்த்தி வச்சிருக்கே!"

"நல்லாயிருக்கே கதை! அறுக்கத் தெரியாம அறுத்துட்டு என் தலையில கட்டறீங்களா? உங்க ரம்பத்தைத் தொடணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

"வீட்டுல வேற யாரு இருக்கா? அத்தைக்கு ஒரு டப்பா மூடி திறக்க வரலை. பாக்கி நீதான்."

"போதும்பா சாமி! இன்னைக்கு மதியச் சாப்பாட்டையும் நீங்களே அறுத்துச் சாப்பிட்டுக்கங்க," என்று மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமியார்தான் சமாதானத்துக்கு வந்தார்.

"விடுங்க மாப்பிள்ளை. பத்து அங்குலம்னாலும் பலகை பலகைதானே? என் தலைமாட்டுச் சுவர்ல அடிச்சா மாத்திரை, கண்ணாடி, ரிமோட் எல்லாம் கைக்கெட்டற இடத்துல இருக்கும்."

மாப்பிள்ளை வாழ்க்கையில் முதல் ஆணிகளை அடித்தார். இரண்டு பெருவிரலிலும் சுத்தியல் பட்டது. பலகை கச்சிதமாக அமைந்தது. ஆணியடிக்க உட்காரத் தோதாக அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டவர்கள், பிறகு அதை மூலைக்கே கொண்டுபோய் விட்டார்கள். ஹாலில் இனி அதற்கு இடமில்லை.

மிச்சம் ஒரே பலகை. மணி மூன்று. ஆறு மணிக்கு மேட்ச். ஒரு பலகையாவது சரியாக வந்தால், மற்ற இரண்டு இடைவெளிக்கும் பழைய சேலையைக் கட்டியாவது கட்டிலை நகர்த்திவிடலாம். இதுவும் போனால் திட்டமே காலி.

கைடைப் பதினாறில் வைத்துத் திருகிவிட்டு, அதன்மேல் கையை வைத்தபடியே நின்றார். பசித்தது. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாலொழிய சோறு கிடையாது. ஆனால் இந்த இடத்தை விட்டு நகர முடியாது.

"நீங்க போய் அவளைச் சமாதானம் பண்ணுங்க மாப்பிள்ளை," என்று மாமியார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ரம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் காவல் இருக்கேன். யாரு வந்து தொடறாங்கன்னு நானும் பாத்துடறேன்."

மாப்பிள்ளைக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இப்படிப்பட்ட மனுஷியைப் போய் மூலைக்குத் தள்ளப் பார்த்தோமே என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே வெட்கப்பட்டார். அடுத்த நிமிஷம் மேட்ச் ஞாபகம் வந்துவிட்டது.

"நீங்க தெய்வம் அத்தை!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். நாலாவது தடவை கதவு திறந்தது. இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"யாராவது வந்தாங்களா அத்தை?"

"ஒரு ஈ கிட்ட வரலை மாப்பிள்ளை."

மறுபடி அளந்து பார்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. அத்தையே காவல் இருந்த பிறகு அளந்து பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது மாதிரி ஆகாதா? பிளக்கைச் செருகினார். ரம்பம் பாடிக்கொண்டே போனது. பலகையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓடிச் சட்டங்களுக்கு நடுவில் வைத்தார்.

பலகை மறுபக்கம் விழுந்தது.

பதினைந்து அங்குலம்.

மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமியார் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"போனா போகுது. ஒண்ணு செய்யலாம். டிவி கொஞ்சம் தாழ்வா இருக்கு, படுத்துக்கிட்டுப் பாத்தா கழுத்து வலிக்குது. இந்தப் பலகையைப் போட்டு டிவியை ஏத்தி, கட்டில் பக்கமா லேசாத் திருப்பிட்டா?"

ஏற்றினார்கள். திருப்பினார்கள். டிவி பலகைமேல் அப்படியே பொருந்தியது. ஆறு மணி ஆனபோது மாமியார் காலை நீட்டி, தலைமாட்டுப் பலகையிலிருந்து ரிமோட்டை எடுத்து, அழும் மருமகளைப் போட்டார். மாப்பிள்ளை மூலையில், மூன்று வெறும் சட்ட இடைவெளிகளுக்குப் பின்னால், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் டிவியின் முதுகு மட்டும் தெரிந்தது. நல்ல தனிமை.

ரம்பத்தைத் திரும்ப எடுத்துப்போக ஹார்டுவேர் கடைக்காரர் வந்தார். அதற்காகவே காத்திருந்த மாதிரி மாப்பிள்ளை பாய்ந்தார்.

"என்னய்யா கைடு குடுத்தீங்க? சுத்த மோசம்! வச்ச இடத்துல நிக்கவே மாட்டேங்குது. தானா நகருது!"

"தானா நகருதா?" கடைக்காரர் திகைத்துப்போய் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். கால்மாட்டைப் பார்த்தார், தலைமாட்டைப் பார்த்தார், டிவிக்கு அடியில் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டு கட்டிலைப் பார்த்துத் திரும்பினார். சீட்டில், தையல்காரர்கள் துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸால் எழுதியிருந்தது.

"பதிமூணு, பத்து, பதினஞ்சு... நீங்க எழுதிக் குடுத்த மூணு அளவும் அச்சா வந்துடுச்சேம்மா! போன வாரம் கடையில ஒவ்வொண்ணாத் திருகிப் பாத்துட்டு, 'இதுதான் என் மணிக்கட்டுக்குத் திரும்புது, மாப்பிள்ளை வந்தா இதையே குடுங்க'ன்னு நீங்க சொன்னப்ப நான்கூட நம்பலை!"