மன்னருக்கு ட்ருகனினாவிலிருந்து ஓர் எச்சரிக்கை

ஒரு முடியரசையே உள்நாட்டுப் போரிலிருந்து காக்கப் புறப்பட்ட பெருமை, மெல்பேர்னின் புறநகரான ட்ருகனினாவின் தமிழ்ச் சங்கச் செயலாளர் ஜெயசிங்கத்தையே சேரும்.

சங்கத்தின் கோடை ஒன்றுகூடலில்தான் அந்த அனர்த்தம் நிகழ்ந்தது. பாபிகியூ அடுப்பில் ஆட்டிறைச்சிச் சொசேஜைப் புரட்டிய இடுக்கியாலேயே யாரோ மரக்கறிச் சொசேஜையும் புரட்டிவிட்டார்கள். தலைவர் கிருஷ்ணசாமி மதுரைக்காரர், சுத்த சைவம். தட்டைக் கீழே வைத்தார்.

"இது திட்டமிட்ட சதிங்க!"

"இடுக்கியில என்ன அண்ணை சதி? கழுவினாச் சரிதானே," என்றார் உபதலைவர் எறிக்.

பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொரு உறுப்பினர்களும் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களானார்கள். ஒரு குழுவின் 'காலை வணக்கம்' மறு குழுவில் 'ஆத்திரமூட்டல்' எனப் பதிவானது.

ஜெயசிங்கம் கலங்கிப்போனார். பிரதமருக்கு எழுதலாம். ஆனால் அவர் தேர்தலில் வந்தவர். இன்று இருப்பார், நாளை போவார். ஆகவே ஆஸ்திரேலியாவுக்கும் மன்னரான இங்கிலாந்து மன்னருக்கே எழுதினார்.

'மாட்சிமை தங்கிய மன்னர் அவர்களே, மேற்கு மெல்பேர்னில் உள்நாட்டுப் போர் மூளும் அபாயம் உள்ளது. தங்கள் முடிக்கே ஆபத்து. உடனே தலையிடவும். இயலாவிட்டால் என் பெயரையாவது குறித்துவைக்கவும்.'

இடுக்கியைப் பிடித்த அந்த 'யாரோ' தாமே என்பதை அவர் குறிப்பிடவில்லை. மன்னரின் நேரம் பொன்னானது.

ஏழு வாரத்தில் பதில் வந்தது. கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டதாகவும், மன்னரால் இதில் தலையிட இயலாதென்றும் அரண்மனை அலுவலர் ஒருவர் அன்போடு எழுதியிருந்தார். அவசரப் பொதுக்கூட்டத்தில் ஜெயசிங்கம் அதை வாசித்தார். இரு தரப்பும் எழுந்து நின்றன. ஒரு நிமிடம் முழுதாகச் சமாதானம் நிலவியது.

"ஒரிஜினல் தலைவர்கிட்டதான் இருக்கணும்," என்றார் கிருஷ்ணசாமி.

"ஏன்? முயற்சியை ஆதரிச்சது எங்கட பக்கம்," என்றார் எறிக்.

"எழுதினது நான்!" என்று ஜெயசிங்கம் கதிரையில் ஏறினார்.

கூட்டம் முடிந்தபோது சங்கங்கள் மூன்று. மூன்றாவதற்குத் தலைவர் ஜெயசிங்கம்.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட ஆயத்தமானார். மனைவி ஞானமலர் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"ஏனப்பா, ஒண்டு கேக்கிறன். மன்னாரில ஷெல் விழேக்க, பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு ஓடினமே. எவ்வளவு சனம் செத்தது. அப்ப நீங்கள் ஒருத்தருக்கும் ஒரு கடிதம் எழுதேல்லையே?"

ஜெயசிங்கம் சுத்தியலை நிறுத்தி, நேர்மையாக யோசித்தார்.

"அப்ப எனக்குப் பதவி ஒண்டும் இல்லையே."