மாநாட்டுக்குக் கொண்டு போன கீரைக் கஞ்சி

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. லிந்துலையில இருந்து நுவரெலியாவுக்கு மூணு டப்பா புள்ளச் சாப்பாடு கொண்டு போகணும். மேடையில காட்டணும். திரும்பி வரணும்.

நான் தேயிலைத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல வேலை பாக்குறேங்க. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனதும் கைப்புள்ளைங்களப் பாத்துக்கிற எடம்.

நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல, புள்ளைங்களப் பாக்குற டொக்டர்மாரோட மாநாடு. சாப்பாட்டுல தொடங்கி இதய ஆபரேஷன் வரைக்கும் பேசுறாங்களாம். எங்க ஏரியா டொக்டர் மிஸ் கூப்பிட்டு, "தோட்டத்து லய வீடுங்க பக்கம் வளர்றத வச்சே புள்ளைக்கு நல்லா குடுக்கலாம்னு நீங்களே வந்து காட்டுங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க"ன்னாங்க.

எங்க தோட்டத்துல இருந்து இந்த மாதிரி மேடை ஏறுற மொத ஆளு நான். ஒரு வாரமா புள்ளைங்க முன்னாடி பேசிப் பழகுனேன். பாதிப் பேரு தூங்கிருச்சுங்க. சரி, சத்தம் அளவா இருக்குன்னு எடுத்துக்கிட்டேன்.

ஹோட்டலுக்குள்ள போனா, வாசல்லயே வெள்ளைத் துணி விரிச்ச நீள மேச! 'அடடா, நமக்காகவே போட்டிருக்காங்களே!'

எல்லாருக்கும் தெரியட்டும்னு சின்னச் சின்னக் கப்புல எடுத்து அடுக்குனேன். ஏழு மாசத்துக்குக் கீரைக் கஞ்சி. ஒம்பது மாசத்துக்குப் பருப்பும் கரட்டும் மசிச்ச சோறு. ஒரு வயசுக்கு முட்டை. முன்னாடி அழகாத் தமிழ்ல பேரு எழுதி வச்சேன். பேச்ச இன்னொரு தடவை சொல்லிப் பாக்கக் கழுவுற எடத்துக்குப் போனேன்.

அது டீ குடிக்கிற மேசையாம்.

வந்து பாக்குறேன், வரிசை! மொத ஆளு டை கட்டுன ஒசரமான சேர் ஒருத்தரு. கையில கஞ்சி. ஓடிப் போயி எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல, "சேர், அது புள்ளைங்க சாப்பாடு!"ன்னேன்.

"ஆமா ஆமா, அதப்பத்தித்தானே பேச வந்திருக்கோம்"னுட்டு ரெண்டாவது கப்ப எடுத்தாரு.

"ஐயோ, கைப்புள்ளைங்களுக்கு சேர்!"

"அருமையான ஏற்பாடு. உப்பே இல்ல. இதயத்துக்கு ஏத்த சாப்பாட்ட ஒரு மாநாட்டுல இப்பத்தான் பாக்குறேன்."

அவரு இதய டொக்டராம்! பின்னால நின்னவங்க அதக் கேட்டதும் ஆளுக்கு ரெண்டு எடுத்தாங்க. பக்கத்துல ஹோட்டல்காரங்க வச்ச பொரிச்ச கோழி பெட்டிஸ் தட்டு தொடாமலே இருந்துச்சு.

அஞ்சே நிமிஷம். மேச சுத்தம். மைக்குல என் பேரு!

மேடையில டொக்டர் மிஸ், "இப்ப சாப்பாட்ட எடுத்துக் காட்டுவாங்க"ன்னாங்க. நான் காலிக் கப்பத் தூக்கிக் காட்டுனேன்.

மிஸ் மெதுவா, "கஞ்சி எங்க?"

"சாப்பிட்டாங்க மிஸ்."

"எந்தப் புள்ள?"

முன் வரிசையக் காட்டுனேன்.

மிஸ் அத அப்படியே, கஞ்சி ஏழு மாசப் புள்ளைக்குன்னும் சேத்து, சிங்களத்துல மைக்குல சொல்லிட்டாங்க. இதய டொக்டர் கையில இருந்த கப்ப ஒரு தடவை உத்துப் பாத்தாரு. அப்பறம் கைய ஒசத்துனாரு.

"ஏழு மாசத்துல புள்ளைக்குச் சரியா பல்லே இருக்காதே?"

"அதனாலதான் சேர், நீங்க மெல்லாமலே முழுங்குனீங்க."

மண்டபமே சிரிச்சிருச்சு. அதுக்கப்பறம் ஒரு வாரம் பழகுன பேச்சே எனக்குத் தேவைப்படல. என்ன கீரை, எவ்வளவு தண்ணி, முட்டைய எப்ப தொடங்கணும்னு ஒவ்வொருத்தரா எந்திரிச்சுக் கேட்டாங்க.

கெளம்பும்போது இதய டொக்டர் கூப்பிட்டாரு. திட்டு விழப்போகுதுன்னு நெனச்சேன்.

"அடுத்த தடவை ஒரு வயசுக்காரங்களோடத கொஞ்சம் கூடக் கொண்டு வாங்க. எனக்குக் கெடச்ச ரெண்டுமே ஏழு மாசந்தான்"னாரு.