இரண்டாவது வேலுச்சாமி

காப்பீட்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டியபோது, முதலாளி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

வளைகுடா நகரத்துத் தேராவில் அந்த அறையில் இருந்த ஆறு பேருக்கும் ஆறு மாதமாகச் சம்பளம் இல்லை. அலுமினியக் கம்பெனி மூடிவிட்டது. முதலாளி திவாலானால் தொழிலாளிக்கு அரசாங்கக் காப்பீட்டில் பணம் கிடைக்கும் என்று மனுப் போட்டிருந்தார்கள்.

"முதலாளி ஓடிட்டாருன்னு சொல்லுங்க. இங்கதான் இருக்காருன்னா, அவர்கிட்டயே வாங்கிக்கோன்னு ஃபைலை மூடிடுவாங்க" என்று மனுவை அடித்துக்கொடுத்த டைப்பிங் சென்டர்காரர் சொல்லியிருந்தார்.

ஆனால் முதலாளி மீராசா ஓடவில்லை. வீட்டைக் காலிசெய்துவிட்டு, மூன்று வாரத்துக்கு முன் ஒரு பையோடு இந்த அறை வாசலில் வந்து நின்றார். "ரெண்டு நாள் இருந்துக்கவா?"

அன்று கதவைத் திறந்தவன் அந்த ஆறு பேரில் ஒருவனான செல்வசிங். பதினான்கு வருஷம் 'சரி முதலாளி' என்றே பழகிய வாய்க்கு 'முடியாது' என்று சொல்ல வரவில்லை. அன்றிலிருந்து அவனுக்குத் தன்மேலேயே கோபம். மகள் ஷாஜினியின் நர்சிங் படிப்பு அந்தக் காப்பீட்டுப் பணத்தை நம்பித்தான் நின்றது.

இப்போது காப்பீட்டு ஆபீஸிலிருந்து வந்தவர் கௌஸ் முகம்மது, தமிழர். பட்டியலைப் பார்த்தபடி ஒவ்வொருவராக விசாரித்தார். வெங்காயத்தின் அருகே வந்து நின்றார்.

"இவர் யாரு?"

"சமையல்காரர் சார்" என்றான் செல்வசிங்.

"பேரு?"

அந்த நேரத்தில் அவன் வாயில் வந்தது ஒரே பெயர்தான். "வேலுச்சாமி."

குளியலறைக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு ஒருவன் வந்தான். "சார், நான் வேலுச்சாமி. லிஸ்ட்ல இருக்கேன் பாருங்க."

கௌஸ் பேனாவை நிறுத்தினார். "ரெண்டு பேரா?"

"இவனோட பெரியப்பா மகன் சார்" என்றான் செல்வசிங். "குலசாமி பேரு. அவங்க குடும்பத்துல எல்லா ஆம்பளைக்கும் அதான்."

வேலுச்சாமி முதலாளியின் நெற்றியில் இருந்த தொழுகைத் தழும்பைப் பார்த்தான். "ஆமா சார், எங்கண்ணன்" என்று முனகிவிட்டுச் சட்டை தேடப் போனான்.

"அண்ணனுக்கும் சம்பளம் பாக்கியா?"

"ஆறு மாசம் சார்."

"அப்ப இவரையும் சேர்க்கணுமே." கௌஸ் குனிந்து மீராசாவிடமே கேட்டார். "முதலாளி ஆள் எப்படிங்க?"

மீராசா நிமிரவில்லை. "மோசமான ஆளு. நம்பி வந்த பிள்ளைங்க வயித்துல அடிச்சுட்டான்."

இதைத் தானே அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாகப் படுக்கையில் புரண்டவன் செல்வசிங். அவர் வாயாலேயே கேட்டபோது தாங்கவில்லை.

"அப்படியெல்லாம் இல்ல சார். அவருக்கு வரவேண்டிய பணமும் வரல. தங்கமான மனுஷன்."

"இவ்வளவு தெரிஞ்சிருக்கே. இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியாது சார்." குரல் அவனுக்கே கேட்கவில்லை.

கௌஸ் எதுவும் எழுதாமல் ஃபைலை மூடினார். எல்லாம் முடிந்தது என்று செல்வசிங்குக்குத் தோன்றியது. மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே அவரை வழியனுப்ப லிஃப்ட் வரை போனான்.

லிஃப்ட் வந்தது. கௌஸ் உடனே ஏறவில்லை.

"உங்க சமையல்காரர் போன வாரமே எங்க ஆபீஸுக்கு வந்து, கம்பெனி திவால், என்மேல கேஸ் போட்டுக்கோங்க, பசங்களுக்குப் பணத்தைக் குடுத்துடுங்கன்னு கையெழுத்துப் போட்டு, இந்த ரூம் அட்ரஸையும் குடுத்துட்டுப் போனாரு தம்பி, அதனாலதான் உங்க பணமே வருது, நாளைக்குக் கோர்ட்டுக்கு அனுப்பும்போது நல்ல சட்டையா ஒண்ணு போட்டு அனுப்புங்க."